ஒரு மொட்டைக் கடுதாசியும் ஒரு ஜெனரலும்

மொட்டைக் கடுதாசி எழுதியிருக்கிறீர்களா?

சேச்சே, நீங்களா! சரி, பக்கத்து ஸீட்டுக்காரர் எழுதியிருப்பார். ஆபீஸ் என்று ஒன்று இருந்தால் மேனேஜர் என்று ஒருவர் இருப்பார். மேனேஜர் இருந்தால் மொட்டைக் கடுதாசி இருக்கும். இது உலக நியதி.

இந்த வாரம் சொல்லப்போவது, அப்படி ஒரு கடுதாசியால் கத்தியைத் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து போன இரண்டு வக்கீல்களின் கதை. ஒருவர் ஆபிரகாம் லிங்கன். அவரைப் பற்றி உங்களுக்குத் தெரியும். தாடி, உயரத் தொப்பி, அடிமை ஒழிப்பு, தியேட்டரில் துப்பாக்கிச் சூடு. இன்னொருவர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ்.

"யார் ஸார் அது?" என்கிறீர்கள் இல்லையா? அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

மனுஷரின் பயோடேட்டாவைப் பாருங்கள். பிறந்தது அயர்லாந்தில். இளவயசில் கப்பலேறி அமெரிக்கா வந்தார். இல்லினாய்ஸ் மாநிலத்தில் கஸ்காஸ்கியா என்ற ஊரில் பிரெஞ்சு ட்யூஷன் எடுத்துக்கொண்டே சட்டம் படித்தார். வக்கீல் ஆனார். 1836-ல் அந்த மாநில சட்டசபை உறுப்பினர். அப்புறம் மாநில ஆடிட்டர். அப்புறம் மாநில சுப்ரீம் கோர்ட்டில் நீதிபதி. அப்புறம் மெக்ஸிகோ யுத்தத்தில் ஜெனரல். அப்புறம் இல்லினாய்ஸிலிருந்து செனட்டர். பிறகு மின்னசோட்டாவிலிருந்து செனட்டர். கடைசியில் மிசௌரியிலிருந்தும் செனட்டர். மூன்று மாநிலங்களின் சார்பில் அமெரிக்க செனட்டில் உட்கார்ந்த ஆள் இன்று வரைக்கும் இவர் ஒருவர்தான்.

இத்தனை இருந்தும் சரித்திரத்தில் இவருக்குக் கிடைத்த இடம் எது தெரியுமா? 'லிங்கனுடன் சண்டைக்குப் போன கோபக்கார ஆசாமி.' அவ்வளவுதான். முன்னேற்றப் புத்தகங்கள் படிக்கிற நண்பர்கள் இந்தக் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் லிங்கன் பாடம் கற்றுக்கொள்வார், மேலே மேலே போவார். ஷீல்ட்ஸ் ஒரு பாராவில் வந்து மீசையை முறுக்கிவிட்டுக் காணாமல் போய்விடுவார்.

எனக்கு இந்த ஒரு பாரா ஆசாமிகள் மேல் எப்போதும் ஒரு பாசம்.

*

வருஷம் 1842. இல்லினாய்ஸ் மாநிலம் கடனில் மூழ்கிக் கிடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ரயில் பாதை, கால்வாய் என்று ஏகப்பட்ட திட்டங்களுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். (ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களில் நம் லிங்கனும் ஒருவர்.) திட்டங்கள் படுத்துவிட்டன. வட்டி மட்டும் படுக்கவில்லை. வட்டி எப்போதும் படுக்காது, ஹவுஸிங் லோன் வாங்கியவர்களைக் கேளுங்கள்.

அந்த வருஷம் பிப்ரவரியில் அங்கே ஸ்டேட் பாங்க் மூழ்கிப் போனது. (நம்ம ஸ்டேட் பாங்க் இல்லை, பயப்படாதீர்கள்.) அந்தக் காலத்து அமெரிக்காவில் பாங்குகளே நோட்டு அச்சடித்து விடும். பாங்க் மூழ்கினால் நோட்டு வெறும் காகிதம். குடியானவர்கள் கையில் இருந்ததெல்லாம் அந்தக் காகிதம்தான்.

பி.காம். படித்த புண்ணியத்துக்கு அடுத்ததை நான் விளக்கியே ஆகவேண்டும். மாநில ஆடிட்டர் நாற்காலியில் ஷீல்ட்ஸ் உட்கார்ந்திருக்கிறார். ஜனங்கள் அந்த நோட்டிலேயே வரி கட்டினால் என்ன ஆகும்? புத்தகத்தில் 100 டாலர் வரவு. கஜானாவில் இருப்பது அதைவிடக் கம்மி. ஊருக்குக் கொடுக்கவேண்டிய கடனை இந்தக் காகிதத்தில் கொடுக்க முடியாது. எந்தக் கணக்குப்பிள்ளையாக இருந்தாலும் என்ன செய்வான்? ஆகஸ்டில் உத்தரவு போனது: ஸ்டேட் பாங்க் நோட்டில் வரி வாங்காதே. தங்கம், வெள்ளி கொண்டுவரச் சொல்.

கணக்குப்படி சரி. ஆனால் குடியானவனுக்கு வெள்ளி எங்கேயிருந்து வரும்? அரசாங்கத்தை நம்பி வாங்கின நோட்டை அரசாங்கமே வாங்கமாட்டேன் என்றால் அவன் எங்கே போவான்? அவன் பக்கமும் நியாயம் இருந்தது. இப்படி இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிற இடத்தில்தான் பத்திரிகைக்காரனுக்குக் கொண்டாட்டம்.

ஷீல்ட்ஸ் டெமாக்ரடிக் கட்சி. லிங்கன் எதிர்க்கட்சி, அதாவது விக். லிங்கனுக்கு அப்போது வயசு 33. தாடி கிடையாது. ஸ்ப்ரிங்ஃபீல்டில் வக்கீல். அந்த ஊரில் 'ஸங்கமோ ஜர்னல்' என்று விக் கட்சிப் பத்திரிகை ஒன்று. அதன் ஆசிரியர் ஸிமியன் ஃப்ரான்சிஸ் லிங்கனுக்குச் சிநேகிதர். செப்டம்பர் 2-ம் தேதி அதில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் 'ரெபெக்கா' என்ற பட்டிக்காட்டு அம்மாள்.

அந்த அம்மாளுக்கு 6 அடி 4 அங்குல உயரம். பெயர் ஆபிரகாம் லிங்கன்.

(பெண் பெயரில் எழுதும் ஆண்கள் நமக்குப் புதுசில்லை. நானே ஒரு காலத்தில்... அது பின்னால் வருகிறது.)

கடிதத்தில் பாதி அரசியல். அடுத்த வீட்டு ஜெஃப் வரி உத்தரவைப் படித்துவிட்டுக் குதிக்கிறான், ரெபெக்கா அம்மாள் அதைக் கொச்சை பாஷையில் விவரிக்கிறாள். இது நியாயமான கிண்டல். உத்தரவு போட்டவர் பதில் சொல்லட்டும். ஆனால் பேனா அங்கே நிற்கவில்லை. ஷீல்ட்ஸ் அப்போது பிரம்மச்சாரி. கொஞ்சம் அலங்காரப் பிரியர், பெண்கள் கூடும் இடங்களில் சற்றே மிதப்பவர் என்று பேர். ரெபெக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். உங்கள் எல்லாரையும் நான் ஒருத்தனே கட்டிக்கொள்ள முடியாதே, நான் இவ்வளவு லட்சணமாகப் பிறந்தது என் தப்பா என்கிற தோரணையில் மனுஷர் பெண்கள் நடுவே உருகுவதாக ஒரு காட்சி. போதாக்குறைக்கு முட்டாள், பொய்யன் என்றும் பட்டம்.

ஊரே சிரித்தது. சின்ன ஊர். நடந்துபோகிற இடமெல்லாம் சிரிப்பு.

இதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. லிங்கனோடு நிச்சயமாகி, முறிந்து, அப்போதுதான் மறுபடி பேச ஆரம்பித்திருந்த மேரி டாட் என்ற பெண்ணும், அவள் தோழி ஜூலியா ஜேனும் உற்சாகமாகி, அதே ரெபெக்கா பெயரில் இன்னொரு கடிதம் எழுதினார்கள். அதில் ரெபெக்கா ஷீல்ட்ஸைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளவே தயார் என்கிறாள். அடுத்த வாரம் அந்தக் கல்யாணத்துக்கு வாழ்த்துப் பாட்டும் வந்துவிட்டது.

ஷீல்ட்ஸ் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அந்நிய தேசத்திலிருந்து வெறுங்கையோடு வந்து, படித்து, ஒரு கௌரவமான நாற்காலியைப் பிடித்திருக்கிறீர்கள். உத்தரவு போட்டது உத்தியோகத்துக்காக. கேலி செய்யப்படுவது உங்கள் மூஞ்சி.

அவர் நேரே பத்திரிகை ஆபீஸுக்கு ஆள் அனுப்பினார். எழுதியது யார்? ஆசிரியர் லிங்கனைக் கேட்டார். லிங்கன், என் பெயரைச் சொல்லிவிடுங்கள் என்றார். பெண்கள் எழுதியதையும் சேர்த்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த ஒரு விஷயத்துக்கு மனுஷருக்கு ஒரு ஸல்யூட்.

*

லிங்கன் அப்போது ட்ரெமான்ட் என்ற ஊரில் கேஸ் நடத்திக்கொண்டிருந்தார். ஷீல்ட்ஸ் துணைக்கு ஆளோடு அங்கேயே குதிரையில் போய்விட்டார். செப்டம்பர் 17-ம் தேதி கடிதம் நீட்டினார்: எழுதியதையெல்லாம் முழுசாக வாபஸ் வாங்கு. லிங்கன் பதில் எழுதினார்: நான்தான் எழுதினேனா என்று கேட்காமலே முடிவுகட்டிவிட்டீர், போதாததற்கு மிரட்டல் வேறு, இதற்கு மேல் பதில் சொல்வதாக இல்லை. இரண்டு பேரும் வக்கீல்களாயிற்றே. வாய்தா வாங்காததுதான் பாக்கி. கடைசியில் விஷயம் துவந்த யுத்தத்தில் வந்து நின்றது.

சவாலுக்கு அழைக்கப்பட்டவனுக்குத்தான் ஆயுதத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை. ஊரில் எல்லாரும் கைத்துப்பாக்கிதான் எடுப்பார்கள். லிங்கன் எழுதிக் கொடுத்த நிபந்தனை வேறு மாதிரி: குதிரைப் படை வைத்திருக்கிற பெரிய பட்டாக்கத்தி. இரண்டு பேருக்கும் ஒரே அளவு. நடுவில் 10 அடி நீளப் பலகை ஒன்றைத் தரையில் நிமிர்த்தி வைக்கவேண்டும். அதைத் தாண்டிக் காலை வைத்தால் உயிர் போகும். இரண்டு பக்கமும் கத்தியின் நீளம், அதற்கு மேல் 3 அடி தள்ளி ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தாண்டிப் பின்வாங்கினால் தோல்வி.

படித்தால் ரொம்ப நியாயமாக இருக்கிறது, இல்லையா? இரண்டு பேரின் கையையும் அளந்து பாருங்கள். லிங்கனைவிட ஷீல்ட்ஸ் அரை அடியாவது குட்டை. பலகைக்கு அந்தப் பக்கம் லிங்கன் நின்று கையை நீட்டினால் இவர் தலை எட்டும். இவர் எக்கி வீசினாலும் அவர் சட்டைப் பொத்தான் எட்டுமா என்பது சந்தேகம். துப்பாக்கி என்றால் ஷீல்ட்ஸ் சுட்டே விடுவார், கத்தி என்றால் அவரைக் கொல்லாமல் ஆயுதத்தை மட்டும் தட்டிவிடலாம் என்பதுதான் தன் கணக்கு என்று லிங்கனே பிற்பாடு சொன்னதாகச் சொல்வார்கள்.

இதெல்லாம் தெரிந்தும் ஷீல்ட்ஸ் பின்வாங்கவில்லை. கவனியுங்கள், பின்வாங்கவில்லை.

இல்லினாய்ஸில் துவந்த யுத்தம் சட்ட விரோதம். இரண்டு பேருமே சட்டம் படித்தவர்கள் அல்லவா? ஆகவே சட்டத்தை மீறாமல் பக்கத்து மாநிலத்துக்குப் போனார்கள். செப்டம்பர் 22, வியாழக்கிழமை. ஆல்ட்டன் என்ற ஊருக்கு எதிரே மிஸிஸிப்பி ஆற்றைக் கடந்தால் மிசௌரிப் பக்கம் ஒரு தீவு. லிங்கன் கத்தியைக் கையில் வாங்கி, தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்த ஒரு கிளையை அலட்சியமாக வெட்டிப் போட்டாராம். அதைப் பார்த்ததும் எதிர்க் கோஷ்டிக்கு ஞானோதயம் வந்தது என்று ஒரு கதை உண்டு.

உண்மையில் காப்பாற்றியது கிளை அல்ல, நண்பர்கள். ஜான் ஹார்டின் என்பவரும் இன்னொருவரும் அடித்துப் பிடித்துத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினார்கள். ஷீல்ட்ஸ் தரப்பு முதல் கடிதத்தை வாபஸ் வாங்கியது. லிங்கன் தரப்பு எழுதிக் கொடுத்தது: அந்தக் கடிதம் அரசியலுக்காக மட்டும் எழுதியது, ஷீல்ட்ஸின் தனிப்பட்ட குணத்தையோ கௌரவத்தையோ கெடுக்கும் எண்ணம் இல்லை. கை குலுக்கல். சுபம்.

(முழு சுபமும் இல்லை. இவர்கள் சமாதானமானதும், துணைக்கு வந்தவர்கள் ஒருவரையொருவர் சண்டைக்கு அழைக்க ஆரம்பித்தார்கள். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை. நம்ம ஊர்க் கல்யாணத்தில் சம்பந்திகள் ராசியான பிறகு ஒன்றுவிட்ட மாமாக்கள் முறைத்துக்கொள்வார்களே, அதே கதை.)

*

லிங்கன் அடுத்த ஆறு வாரத்தில், நவம்பர் 4-ம் தேதி, மேரி டாடைக் கல்யாணம் பண்ணிக்கொண்டார். மணப்பெண்ணின் தோழி, அதே ஜூலியா ஜேன்.

ஷீல்ட்ஸ் என்ன ஆனார்? மறு வருஷமே சுப்ரீம் கோர்ட் நீதிபதி. லிங்கன் வந்து கேஸ் நடத்துகிற கோர்ட். 1847-ல் மெக்ஸிகோவில் ஸெர்ரோ கோர்டோ யுத்தம். குண்டு மார்பைத் துளைத்து நுரையீரல் வழியாகப் போனது. ஆள் செத்தார் என்றுதான் நினைத்தார்கள். அதே வருஷம் இன்னொரு சண்டையில் நின்று கையிலும் காயம் வாங்கினார்.

காயங்களோடு திரும்பியவரை 1849-ல் இல்லினாய்ஸ் செனட்டுக்கு அனுப்பியது. அங்கே போனால் ஒரு சிக்கல். குடியுரிமை வாங்கி ஒன்பது வருஷம் ஆகியிருக்கவேண்டும். இவர் வாங்கியது 1840 அக்டோபரில். சில மாதங்கள் குறைகிறது. தேர்தல் செல்லாது! அந்த ஆத்திரத்தில், தோற்ற எதிராளிக்கு ஷீல்ட்ஸ் மிரட்டல் தொனியில் எழுதிய கடிதம் ஒன்று வெளியே வந்து மானம் போனது. (கடிதம் என்ற வஸ்துவே இவர் ஜாதகத்துக்கு ஆகவில்லை.) ஒன்பது வருஷம் முடிந்ததும் அதே ஆண்டு மறுபடி நின்று ஜெயித்தார்.

1855-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. எதிர்த்து நின்றவர் யார் என்கிறீர்கள்? லிங்கன். அந்தக் காலத்தில் செனட்டரைச் சட்டசபைதான் தேர்ந்தெடுக்கும். முதல் சுற்றில் லிங்கன் முன்னால், ஷீல்ட்ஸ் கொஞ்சம் பின்னால். மூன்றாவதாக ஒருத்தர், கையில் வெறும் 5 ஓட்டு, பெயர் லைமன் ட்ரம்புல். பத்தாவது சுற்றில் ஜெயித்தது அந்த ஐந்து ஓட்டுக்காரர். அவர் மனைவி யார் தெரியுமா? ஜூலியா ஜேன். மேரியோடு உட்கார்ந்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே ரெபெக்கா கடிதம் எழுதின அதே ஜூலியா. அன்றோடு இரண்டு தோழிகளுக்கும் நடுவே சிரிப்பு நின்றது.

ஷீல்ட்ஸ் மின்னசோட்டாவுக்குப் போனார். 1858-ல் அது மாநிலம் ஆனதும் அங்கிருந்து செனட்டர். முதல் இரண்டு செனட்டர்களில் யாருக்கு நீளமான காலம் என்று சீட்டுப் போட்டார்கள். இவருக்கு விழுந்தது குறைந்த காலம், பத்து மாதம்கூட இல்லை. 1861-ல் உள்நாட்டு யுத்தம். ஜனாதிபதி லிங்கன் யாரைக் கூப்பிட்டு ஜெனரல் ஆக்கினார்? கத்தியோடு எதிரே நின்ற அதே ஷீல்ட்ஸை. 1862 மார்ச்சில் கெர்ன்ஸ்டவுனில் குண்டுச் சிதறல் பட்டு இவர் கை உடைந்தது. மறுநாள் இவருடைய படை, பேர் போன 'ஸ்டோன்வால்' ஜாக்ஸனைத் தோற்கடித்தது. ஜாக்ஸனைத் தோற்கடித்தோம் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் ரொம்பக் கம்மி. லிங்கன் பதவி உயர்வுக்கும் சிபாரிசு செய்தார். செனட் ஒப்புக்கொள்ளவில்லை. ஜூனில் ஒரு தோல்வி. மறு வருஷம் ராஜினாமா.

வயசான காலத்தில் மிசௌரியில் குடியேறினார். முன்பே இறந்துபோன ஒரு செனட்டரின் பதவிக்காலத்தில் மிச்சமிருந்த சில வாரங்களுக்கு, 1879-ல் இவரை அனுப்பினார்கள். மூன்றாவது மாநிலம்! அதே வருஷம் ஜூன் 1-ம் தேதி, அயோவா மாநிலத்தில் ஒட்டும்வா என்ற ஊரில் காலமானார். 1893-ல் இல்லினாய்ஸ் அவருக்கு ஒரு சிலை செய்து வாஷிங்டனுக்கு அனுப்பியது.

லிங்கன் இந்தச் சமாசாரத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். வெள்ளை மாளிகையில் ஒரு ராணுவ அதிகாரி, இந்தம்மாவுக்காகத்தான் சண்டைக்குப் போனீர்களாமே என்று விளையாட்டாகக் கேட்டாராம். லிங்கன் முகம் சிவந்து, இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் என் சிநேகம் வேண்டுமென்றால் இனி இந்தப் பேச்சை எடுக்காதீர்கள் என்றாராம். மேரியே இதை எழுதி வைத்திருக்கிறார். இருபது வருஷம் கழித்தும், ஒரு தேசத்தையே தாங்கிக்கொண்டிருந்த மனுஷனுக்கு அந்தக் கடிதம் உறுத்தியிருக்கிறது.

*

இப்போது பாக்கி வைத்த என் கதை.

பத்திரிகைகளுக்கு எழுத வருமுன் நான் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸில் இருந்தேன். அங்கே கேஷியர் ஒருவர். சரியான பில் இல்லாமல் ஆட்டோ காசுகூடக் கொடுக்கமாட்டார். பெட்டியில் ஒரு ரூபாய் குறைந்தால் அவர் பதில் சொல்லவேண்டும், அவருக்கு அது கவலை. எங்களுக்கு அவர் மேல் எரிச்சல். ஆண்டு விழா மலரில் 'வவுச்சர் வள்ளி' என்ற பெயரில் ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். முதல் பக்கம் முழுக்க பில், வவுச்சர், ரெவென்யூ ஸ்டாம்ப். அதைப் படித்து அவரே சிரித்தார் என்றார்கள். இரண்டாம் பக்கம் அவருடைய தலைச் சாயம், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் சீப்பு, ரிஸப்ஷன் மேஜையருகே அவர் நிற்கும் தோரணை.

கான்டீனில் அதை ஒருத்தன் ராகம் போட்டுப் படித்தான். நானும் யாரோ எழுதியது மாதிரி சிரித்தேன்.

அடுத்த வாரம் தீபாவளி அட்வான்ஸ் வாங்கப் போனேன். இரண்டு தடவை எண்ணிக் கொடுத்தார். "சரியா இருக்கா பாத்துக்குங்க தம்பி." பிறகு லெட்ஜரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வள்ளி யாருன்னு தெரியல. நல்லாத்தான் எழுதறாங்க. விழாவுக்கு என் பொண்ணு வந்திருந்தா. அவளும் படிச்சா."

நான் பணத்தை மறுபடி எண்ணினேன். எண்ணவேண்டிய அவசியமே இல்லை.

அதற்கப்புறம் அவர் சட்டைப் பையில் சீப்பை நான் பார்க்கவில்லை. ரிட்டயர்மென்ட் விழாவில் மாலை போட்டவர்களில் நானும் ஒருவன். அப்போதுகூட வாய் வரவில்லை. லிங்கன், என் பெயரைச் சொல்லுங்கள் என்று சொல்வதற்குக் கொஞ்ச நேரம்தான் எடுத்துக்கொண்டார். நான் பத்து வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தத் தீவில் வைத்தார்களே ஒரு 10 அடிப் பலகை, அதை நான் இப்போது எழுதுகிற மேஜையில் மனசுக்குள் வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் ஒருவர் போடும் உத்தரவு, செய்யும் வேலை, பேசும் பேச்சு. எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம். அந்தப் பக்கம் அவர் மூஞ்சி, தலைமுடி, பொண்ணு. காலை வைக்கக்கூடாது. நீளமான கை உள்ளவன் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பேனா பிடித்தவன் கை ரொம்ப நீளம்.

இந்தப் பத்திரிகையை அந்தக் கேஷியர் வாங்குவார். சில்லறையை எண்ணித்தான் வாங்குவார். இந்தப் பக்கத்தின் உச்சியில் என் சொந்தப் பெயர் இருக்கிறது.

ஸார், அந்த வள்ளி நான்தான்.